காய்ச்சிக் குடித்த வீட்டுக்குள் காலரா வந்த கதை

2022 ஜூன் கடைசியில் காரைக்காலில் எங்கள் தெருவில் ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர் வயிற்றுப்போக்கு என்று படுத்திருந்தார்கள். மாம்பழ சீசன், வெயில், ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். ஜூலை முதல் வாரத்தில் காலரா என்று உறுதியாகி, ஊரில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ‘தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்’ என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அந்த ஆட்டோ எங்கள் வாசலைத் தாண்டிப் போனபோது என் மாமியார் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். எங்கள் வீட்டில் பல வருடமாகக் காய்ச்சிய தண்ணீர்தான். அப்படியும் வந்தது. அந்த ஒற்றை வரி அறிவிப்பில் இல்லாத விஷயங்கள் என்னென்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு நிறையப் பணமும், கொஞ்சம் உயிர்ப்பயமும் செலவானது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், மாமியார், நான்காம் வகுப்புப் படிக்கிற மகன். வாடகை வீடு. வாசல் அறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். ஜூன், ஜூலை பள்ளிச் சீருடை சீசன். வருடத்தில் கையில் நாலு காசு பார்க்கிற மாதங்கள் அவைதான். அன்றைக்கும் இரவு வரை தைத்துக்கொண்டிருந்தேன். அத்தை சாயங்காலத்திலிருந்தே அடிக்கடி கொல்லைப்பக்கம் போய் வந்துகொண்டிருந்தார். கேட்டதற்கு “ஒண்ணுமில்லம்மா, மாம்பழச் சூடு” என்றார். காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை. மருந்துக்கடையில் விவரம் சொன்னதும் போக்கை நிறுத்த ஒரு மாத்திரையும், கூடவே ஓர் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். உப்பு, சர்க்கரைக் கரைசல் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். காலராவில் பெரும்பாலும் காய்ச்சல் அடிக்காது, வயிற்றை முறுக்கும் வலியும் இருக்காது. வலி இல்லாததால் நமக்குப் பயமும் வருவதில்லை. பார்க்க வேண்டியது நிறத்தையும் அளவையும்தான். முதலில் சாதாரணப் பேதி மாதிரி இருப்பது, சில மணி நேரத்தில் அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்து, மலவாடை குறைந்து, கொடகொடவென்று போகும். இரண்டாவது, நிறுத்தும் மாத்திரை. லோபராமைடு வகை மாத்திரை போட்டால் வெளியே போவது குறைந்ததுபோலத் தெரியலாம். ஆனால் உடம்பிலிருந்து நீர் குடலுக்குள் இறங்குவது நிற்காது. நமக்குத்தான் சரியாகிவிட்டது என்ற நினைப்பு வந்து நேரம் போய்விடும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. பத்து மணிக்குமேல் அத்தை அமைதியாகப் படுத்துவிட்டார், நானும் மிஷினை மூடிவிட்டுப் படுத்தேன்.

நடுச்சாமத்துக்கு மேல் அவர் கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது. தொண்டை கட்டினாற்போல, பாதி காற்றாக. கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடிக்கிறது என்றார். பாய் முழுக்க நனைந்திருந்தது. லைட்டைப் போட்டுப் பார்த்தால் கண் குழிவிழுந்து, விரல்கள் நாள் பூராவும் துணி துவைத்த கை போலச் சுருங்கி, உள்ளங்கை சில்லென்று இருந்தது. கையின் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. சிறுநீர் எப்போது போனீர்கள் என்று கேட்டேன், அவருக்கு நினைவில்லை. வாந்தியும் ஆரம்பித்துவிட்டது. இத்தனை அறிகுறிகளையும் இப்போது வரிசையாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு எதுவும் விளங்கவில்லை, இவர் என் கையில் போய்விடப் போகிறார் என்பது மட்டும்தான் ஓடியது. 108-க்குப் போட்டால் வண்டி வெளியே இருக்கிறது, கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார்கள். எதிர்வீட்டில் கதவு திறக்கவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டிலும் ஒருவர் படுத்திருந்தார். கடைசியில் பின்தெரு ஆட்டோக்காரர்தான் வந்தார். “பயப்படாதீங்க தங்கச்சி, நான் பாத்துக்கறேன்” என்று சீட்டில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு அத்தையைத் தூக்கி வைத்தார். தூக்கக் கலக்கத்தில் இருந்த மகனையும் கூடவே ஏற்றிக்கொண்டேன், விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை.

கிட்டத்தில் இருக்கிறது என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் முன்பணம் பத்தாயிரம் என்றார்கள். சீருடைக்கு வாங்கியிருந்த அட்வான்ஸ் பணம் முழுவதும் அங்கேயே போனது. ஆனால் அந்த இரவு பணியில் இருந்த டாக்டரை நான் குறை சொல்ல முடியாது. நாடி பிடித்துப் பார்த்தார், கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் ஊசி குத்தி இரண்டு பாட்டில் ஒரே நேரத்தில் ஓட விட்டார். ரிங்கர் லாக்டேட் என்று பாட்டிலில் எழுதியிருந்தது, நரம்பில் ஏற்றும் ஒருவகை உப்புநீர் அது. இவ்வளவு வேகமாக ஏற்றுகிறீர்களே, வயதானவர் தாங்குவாரா என்று கேட்டேன். “அம்மா, இது வேற வியாதி. ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டர் வரைக்கும் போயிடும். போனதைத் திருப்பிக் குடுக்கணும், அவ்வளவுதான் வைத்தியம்” என்றார். உடம்பு எடையில் கிலோவுக்கு 100 மில்லி கணக்கு; ஐம்பது கிலோ ஆளுக்கு மூன்று மணி நேரத்தில் ஐந்து லிட்டர். அதில் முதல் ஒன்றரை லிட்டர் அரை மணிக்குள் ஏறிவிட வேண்டும். விடியும்போது அத்தை கண்ணைத் திறந்து “காபி கிடைக்குமா” என்றார். அப்போதுதான் நான் அழுதேன், அதுவரை அழ நேரமில்லை.

அப்புறம் பில் வந்தது. முன்பணம் போக, ஸ்கேன், விதவிதமான ஊசி, அறை வாடகை என்று மொத்தம் இருபத்தேழாயிரத்துச் சொச்சம். காலராவுக்கு நீர் ஏற்றுவதுதான் முக்கியச் சிகிச்சை. ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால் பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 300 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை கொடுப்பதே வழக்கமாம். எங்கள் பில்லில் இருந்த மருந்துப் பட்டியல் ஒன்றரைப் பக்கம். இதே ரிங்கர் லாக்டேட் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் ஏற்றுவார்கள். கொள்ளைநோய் சமயத்தில் அங்கே இருக்கிறவர்கள் நாள் முழுக்க இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கையும் பழகியிருக்கும். நடக்க முடிகிற நிலையில் இருக்கும்போதே, இருட்டுவதற்கு முன்பே, அங்கே கொண்டுபோயிருந்தால் ஒரு தையல்காரியின் ஒரு சீசன் சம்பாத்தியம் மிஞ்சியிருக்கும். நாடி விழுந்த பிறகு எது கிட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இன்னொன்று, அந்த ஆஸ்பத்திரியில் மலப் பரிசோதனைக்கு மாதிரியே எடுக்கவில்லை. ஆன்டிபயாட்டிக் உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி சரியாக வளராது, அதனால் முதல் வேளை மருந்துக்கு முன்பே எடுக்க வேண்டும். நமக்கு வைத்தியம் அந்த முடிவுக்காகக் காத்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒரு தெருவிலிருந்து ஒரு முடிவு காலரா என்று வந்தால்தான் அந்தத் தெருக் குழாயைத் தோண்டிப் பார்ப்பார்கள். ‘சாம்பிள் எடுத்தீர்களா, சுகாதாரத் துறைக்குச் சொல்லிவிட்டீர்களா’ என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் நர்ஸ் முறைத்திருப்பார், பரவாயில்லை.

அத்தையை வீட்டுக்குக் கூட்டிவந்த கையோடு மகனுக்கு ஆரம்பித்தது. கிருமி உள்ளே போய்ச் சில மணி நேரத்திலும் வரலாம், ஐந்து நாள் கழித்தும் வரலாம். இந்தத் தடவை என் கை கால் ஓடவில்லை என்றாலும், அதற்குள் வீடு வீடாக வந்துகொண்டிருந்த சுகாதார நர்ஸ் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்து காட்டினார். ஓஆர்எஸ் என்கிற உப்பு, சர்க்கரைக் கரைசல் தூள் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அந்த அளவுத் தண்ணீரில் மொத்தப் பொட்டலத்தையும் கொட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் போடக் கூடாது, ருசிக்காகச் சர்க்கரை சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு தடவை போகும்போதும் அவன் வயதுப் பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லி. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் 50 முதல் 100. பெரியவர்களுக்கு எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் கை அளவு வேண்டாம் என்றார். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம், கஞ்சி, இட்லி கொடுங்கள் என்றும் சொன்னார். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைகளுக்குத் துத்தநாக மாத்திரை, 20 மில்லிகிராம், பத்திலிருந்து பதினான்கு நாள் வரை. போக்கு நின்றாலும் நிறுத்தாமல். அதையும் இலவசமாகவே கொடுத்துவிட்டுப் போனார்.

மகன் வீட்டிலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டான். செலவு என்று பார்த்தால் சர்க்கரை போட்ட கஞ்சிதான். அத்தைக்கு இருபத்தேழாயிரம், இவனுக்கு ஒன்றுமில்லை. நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு பொட்டலமும், அதை எப்போது ஆரம்பிப்பது என்ற விவரமும். அதே வருடம் அக்டோபரில் கொல்கத்தா டாக்டர் திலீப் மகலனாபிஸ் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தபோது, நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோக, உப்பையும் குளுக்கோஸையும் கரைத்து டிரம்மில் ஊற்றி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே டம்ளர் டம்ளராகக் குடிக்கக் கொடுக்க வைத்தவர் அவர். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கியது. படித்த அன்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஐம்பது வருடத்துக்கு முன்பே படிக்காத அகதிப் பெண்கள் செய்துகாட்டிய வைத்தியத்தை, எங்கள் தெரு மருந்துக்கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! கடையில் ஓஆர்எஸ் கேட்கும்போதும் ஜாக்கிரதை. ஜூஸ் டப்பா மாதிரி இனிப்புப் பானத்தை எடுத்து நீட்டுகிறவர்கள் உண்டு. சர்க்கரை கூடினால் போக்கு இன்னும் அதிகமாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு என்று போட்டிருக்கிற தூள் பொட்டலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, காய்ச்சிக் குடித்த வீட்டுக்குள் எப்படி வந்தது? நிச்சயமாக இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நர்ஸும் அங்கன்வாடி அக்காவும் என் சமையல்கட்டில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரைக் கொதிக்க வைக்கிறோம், சரி. ஆறியதும் எதில் ஊற்றுகிறோம்? குழாய்த் தண்ணீரில் அலசிய குடத்தில். எப்படி எடுக்கிறோம்? சொம்பை உள்ளே விட்டு, விரலும் நனைய. அத்தைக்கு ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் சாப்பிடாவிட்டால் பொழுது விடியாது. அந்தத் தண்ணீர் குழாயிலிருந்து நேராக வந்தது. சட்னி அரைக்க, மோர் கரைக்க, பல் தேய்க்க, மகன் பள்ளியிலிருந்து வந்ததும் பழம் கழுவ, எல்லாம் குழாய். ‘காய்ச்சிக் குடியுங்கள்’ என்றால் நாங்கள் குடிப்பதை மட்டும்தான் காய்ச்சுவோம். நீராகாரம் எங்கள் கணக்கில் குடிப்பதில்லை, சாப்பிடுவது! அங்கன்வாடி அக்கா அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் “காய்ச்சிறீங்களா?” என்று கேட்பதை விட்டுவிட்டார். “இன்னிக்குக் காலையில இருந்து குழாய்த் தண்ணி எதுக்கெல்லாம் எடுத்தீங்க, சொல்லுங்க பாப்போம்” என்று ஆரம்பிப்பார். சுகாதாரக் கல்வி என்று பெரிய பெயர் வைத்தாலும் எனக்குத் தெரிந்து வேலை செய்தது அந்தக் கேள்விதான். நோட்டீஸை வாங்கி மிஷின் மேஜை அடியில் முட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

குழாய் விஷயம் அதைவிட முக்கியம். பிளம்பரைக் கூப்பிட்டு வாசலில் தோண்டிப் பார்த்தால், தெருக் குழாயிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பழைய இரும்பு பைப் திறந்த சாக்கடைக்குள் இறங்கி ஏறிப் போயிருந்தது. சாக்கடைக்குள் முழுகிய இடத்திலேயே துரு பிடித்து ஓட்டை. தண்ணீர் வரும் நேரத்தில் ஓட்டை வழியாக வெளியே கசியும். அழுத்தம் இருப்பதால் உள்ளே எதுவும் வராது. தண்ணீர் நின்றதும் பைப் காலியாகி, சாக்கடை உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கும். மறுபடி தண்ணீர் விட்டதும் முதலில் வருவது அதுதான். இதில் தெருவில் பாதிப் பேர் குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறோம். மோட்டார் ஓடும்போது பக்கத்து வீட்டு ஓட்டையிலிருந்தும் சேர்த்து இழுக்கும். கலங்கலோ நாற்றமோ இருந்திருந்தால் நாங்கள் குடித்திருக்க மாட்டோம். தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. உங்கள் வீட்டு இணைப்பு சாக்கடையைத் தாண்டுகிற இடம் எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் முதலில் பைப் மாற்றக் காசு தர மறுத்தார். அவர் மகள் வீட்டிலும் பேதி வந்த பிறகு பாதி கொடுத்தார். மீதி மூவாயிரத்து இருநூறு என் கையிலிருந்து. தொட்டி கழுவ இன்னொரு ஆயிரம்.

கிருமியைக் கொல்லக் குழாய்த் தண்ணீரில் கலக்கிற குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பது இவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. சின்னக் குப்பியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மருந்து சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது கடைசி வீட்டுக் குழாயில் இருக்க வேண்டும், நோய் பரவும் காலத்தில் 0.5. எங்கள் தெரு முதல் வீட்டில் நல்ல மஞ்சள், கடைசி வீட்டில் வெறும் தண்ணீர். பரிசோதிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வீட்டோடு திரும்பிவிடுகிறார்கள், கடைசி வீட்டுக்குக் கூட்டிப்போவது நம் வேலை. பிளீச்சிங் பவுடரைக் காகிதத்தில் மடித்து வாங்காதீர்கள். காற்றுப்பட்டு வீரியம் போயிருக்கும், மூக்கில் ஏறும் நெடி இல்லையென்றால் சுண்ணாம்புதான்.

பணத்தைவிட எனக்கு வலித்தது ஒன்று உண்டு. அத்தையின் துணி, பாய் எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலில் ஊற வைத்து, தனியாக அலசினேன். எந்தத் தண்ணீரையும் குளத்துப் பக்கம் விடவில்லை. அப்படியும் சீருடை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் வாசற்படி ஏறாமல் வெளியே நின்றே பையை நீட்டச் சொன்னார். தைத்த துணியில் காலரா ஒட்டிக்கொண்டு வராது என்று சொல்லும் தெம்பு எனக்கு அப்போது இல்லை. வந்தவர்கள் கோபித்துக்கொண்டவர்களாக இல்லை, பயந்தவர்களாக இருந்தார்கள். கிருமி உள்ளே போனவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது, ஆனாலும் பத்து நாள் வரை அவர்கள் மலத்தில் கிருமி போகலாம். கணக்குப் பார்த்தால் என் வாசலில் நின்றவரும் நானும் ஒரே தெருத் தண்ணீர்தான். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் சமைக்காமல் இருப்பது நல்லது என்பார்கள். வீட்டில் ஒருத்திதான் என்றால் என்ன செய்வது? நர்ஸ் சொன்னது: சமையலுக்கு முன் சோப்பு, கழிப்பறைக்குப் பின் சோப்பு, நகத்தை ஒட்ட வெட்டிவிடு, சூடாக இறக்கி உடனே சாப்பிட்டுவிடு, மிச்சம் வைக்காதே. அப்படித்தான் செய்தேன், எனக்கு வரவில்லை.

மாங்கனித் திருவிழாவுக்கு வருவதாக இருந்த சொந்தக்காரர்களை வேண்டாம் என்று நானே போன் போட்டுச் சொன்னேன். சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. தெருவில் இப்போது பலர் சாக்கடைக்கு மேலே தூக்கிப் புது பைப் போட்டுவிட்டார்கள். மோட்டாரை மட்டும் யாரும் கழற்றவில்லை. கேட்டால் “நான் கழட்டினா அவன் உறிஞ்சிடுவான்” என்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே நாளில் எல்லோரும் கழற்றுவது என்று பேசி முடிக்க வேண்டும் என்று அங்கன்வாடி அக்கா சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தை பழைய சோற்றை விடவில்லை, காய்ச்சி ஆறிய தண்ணீரை அவரே ஊற்றிக்கொள்கிறார்.